நண்டுதின்னியைப் பார்த்த இரண்டு பேர்

நேற்றுக் காலை ஸ்டூடியோவின் ஷட்டரைத் தூக்கிவிட்டு, சாமி படத்துக்குப் பூ வைக்கும் நேரத்தில் கைபேசி சிணுங்கியது. எங்கள் பறவைக் குழுவில் ஒரு படம் வந்திருந்தது. பழவேற்காட்டு முகத்துவாரத்தில், மணல் திட்டின் ஓரத்தில், ஒரு நண்டுதின்னி. வெள்ளை உடம்பு, முதுகில் கறுப்பு, கறிக்கடைக் கத்தி மாதிரி கனத்த அலகு. அலகில் ஒரு நண்டு. அந்த நண்டின் காலில் இருந்த முடிகூடத் தெரிந்தது. போட்டவர் பள்ளிப்பட்டுப் பக்கத்து இளைஞர். அவருடைய கேமராவுக்கு முன்னால் நான் கல்யாணங்களுக்குத் தூக்கிக்கொண்டு போகும் கேமரா திருவிழாக் கடைப் பொம்மை.

படத்தின் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள், கைதட்டல்கள், யாரோ ஒருவர் காலை வணக்கப் பூங்கொத்தையும் சேர்த்துப் போட்டிருந்தார். கேட்கவேண்டிய கேள்வியை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. பொறுக்க முடியாமல் நானே கேட்டேன்: ‘யாரோடு பார்த்தீர்கள்?’

‘தனியாத்தான் சார். ஏன்?’ என்று பதில் வந்தது.

ஏன் என்று சொல்ல ஆரம்பித்தால் மத்தியானம் ஆகிவிடும். நானும் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு, பீரோவின் மேலே கிடந்த பழைய பைனாகுலரை இறக்கினேன். தூசி தட்டியபோது அதன் தோல்வாரிலிருந்து லேசாக நெய் வாசனை வந்தது. முந்திரி வறுத்த நெய், கூடவே கொஞ்சம் மிளகு. பர்மா பஜாரில் நான் வாங்கியபோது நிச்சயமாக அதற்கு இந்த வாசனை கிடையாது.

அந்த நாளில் குழு என்றால் நான்கு பேர், ஒரு ஆம்னி வேன், இந்த ஒரு பைனாகுலர். வேன் முனிரத்தினத்துடையது. பொதட்டூர்பேட்டையில் தறி வைத்திருந்தவர். வாரம் முழுக்க லுங்கிக் கட்டு ஏற்றிய வண்டியில் ஞாயிற்றுக்கிழமை எங்களை ஏற்றுவார். நூலுக்குப் போடும் மாவுக்கஞ்சி வாசனையோடு கடற்கரைக்குப் போய் இறங்குவோம். அடுத்தவர் ராஜேஸ்வரி சிஸ்டர், அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் நர்ஸ். ராத்திரி ட்யூட்டி முடித்து அப்படியே வந்து ஏறி, திருவள்ளூர் தாண்டும்வரை தூங்குவார். நான்காவது ஆள் சபாபதி அண்ணன். மலைமேல் கோயில் மடைப்பள்ளியில் தலைமுறையாகச் சமைத்த குடும்பம். அவரும் ஆயுசில் பெரும்பகுதியை அடுப்பு முன்னால் கழித்துவிட்டு, கரண்டியைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை என்று எங்களோடு வந்தார். தூக்குச்சட்டி நிறையப் பொங்கலோடு வந்ததால் நாங்களும் பறவை ஆர்வத்தைப் பற்றி அதிகம் விசாரிக்கவில்லை.

உள்ளூர் ஏரிகளில் கொக்கும் மீன்கொத்தியும் பார்த்துச் சலித்த பிறகுதான் பழவேற்காட்டுக்குப் போக ஆரம்பித்தோம். ஏரியும் கடலும் சேரும் இடத்தில் பூநாரை வரும், கூழைக்கடா வரும், பேர் தெரியாத உள்ளான்கள் கூட்டம் கூட்டமாக வரும். பேர் தெரியாதவற்றுக்குப் பேர் சொல்வது என் பொறுப்பு. பைனாகுலர் என்னுடையது, படம் போட்ட புத்தகமும் என்னுடையது என்பதைத் தவிர இதற்கு வேறு தகுதி எதுவும் எனக்கு இருந்ததில்லை.

எங்களுக்கு ஒரே ஒரு சட்டம். இரண்டு பேர் பார்த்தால்தான் பார்த்தது. இதைப் போட்டவர் சிஸ்டர். போட வைத்தவன் நான். நந்தியாற்றுக் கரையில் ஒருநாள் கொம்பன் ஆந்தை என்று ஒன்றைக் காட்டி, எல்லோரையும் மூச்சுவிடாமல் நிற்கவைத்து, அது தலையைத் திருப்பும் அழகைக்கூட வர்ணித்தேன். காற்று கொஞ்சம் பலமாக அடித்தபோது ஆந்தை கீழே விழுந்தது. பனைமட்டை. முனிரத்தினம் அந்த மட்டையை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து என் ஸ்டூடியோ வாசலில் சாத்திவிட்டுப் போனார்.

“இனிமே நீ ஒருத்தன் பாத்தா கணக்கில்ல. ஆஸ்பத்திரில விஷ மருந்து எடுக்கணும்னாலே ரெண்டு கையெழுத்து வேணும்” என்றார் சிஸ்டர்.

சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் பைனாகுலர் ஒன்று, கண்கள் நாலு ஜோடி. முதலில் நான் பார்ப்பேன். பார்த்துக்கொண்டே, கிரிக்கெட் வர்ணனை மாதிரி, சத்தமாகச் சொல்வேன். வலைக்கழிக்கு இடது பக்கம், தண்ணி விளிம்பு, ஒத்தக் காலில் நிக்குது, இப்போ குனியுது. எனக்குப் பைனாகுலரை விட மனசே வராது. ஒருவழியாக விட்டால் சிஸ்டர் வாங்குவார், “ஒண்ணும் காணோம்பா” என்பார். முனிரத்தினம் வாங்கி, “நான் பாக்க சொல்லோ பறந்துகினே போவுது நைனா. வாலுதான் கெடச்சிது” என்பார். கடைசியில் சபாபதி அண்ணன். நிதானமாகத் தோல்வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கண்ணில் வைத்து, கொஞ்ச நேரம் அசையாமல் நின்று, “ஆங், தெரியுது” என்பார்.

அந்த ஒரு ‘ஆங்’ போதும். சட்டப்படி இரண்டு பேர். இப்படியாக நான் பார்த்த அத்தனை அபூர்வப் பறவைகளுக்கும் இரண்டாவது ஆள் அவரே. மனிதருக்கு என்ன கண் என்று வியப்பேன்.

நண்டுதின்னியும் அப்படி வந்ததுதான். ஒரு மார்கழிக் காலையில் பனி விலகும் முன்னால், தூரத்துத் திட்டில் கறுப்பு வெள்ளையாக ஒன்றைப் பார்த்தேன். புத்தகத்தில் அந்தப் பக்கத்தை அதற்கு முந்தைய ராத்திரிதான் படித்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுவது நல்லது. அலகைச் சொன்னேன், அது நண்டைக் குத்தித் தூக்கி உதறுவதைச் சொன்னேன், நண்டின் கால் ஒன்று தனியாக விழுந்ததைச் சொன்னேன். “ஆங், தெரியுது” என்றார் அண்ணன். திரும்பி வந்ததும் இணையத்திலிருந்து ஒரு நண்டுதின்னிப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கண்ணாடிச் சட்டம் அடித்து, ஸ்டூடியோவில் மணமக்கள் படங்களுக்கு நடுவே மாட்டினேன். கீழே ‘பார்த்தவர்கள்’ என்று எழுதி என் பெயர், அண்ணன் பெயர். பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தவர்களெல்லாம் அந்தக் கதையைக் கேட்காமல் வெளியே போக முடியாது. சிலர் வேறு ஸ்டூடியோவுக்குப் போக ஆரம்பித்தார்கள்.

அடுத்த தை மாதம் என்று நினைக்கிறேன். முகத்துவாரத்தில் தூறல் போட்டது. நனைந்துவிடும் என்று பைனாகுலரின் முன்கண்ணாடி இரண்டுக்கும் ரப்பர் மூடியைப் போட்டு வைத்தேன். தூறல் நின்றதும் பூநாரைக் கூட்டம் ஒன்று மொத்தமாக எழும்பியது. வெறுங்கண்ணுக்கே வானம் சிவந்து தெரிந்தது. “அண்ணா, இன்னிக்கு நீங்க மொதல்ல பாருங்க” என்று பெரிய மனசோடு பைனாகுலரைக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார். நான் பாட்டுக்கு வர்ணித்தேன்.

“ஆங், தெரியுது. நல்லா செவப்பா தெரியுது” என்றார்.

முனிரத்தினம்தான் முதலில் சிரித்தது. “மூடியக் கயட்டிட்டு பாரு நைனா” என்றார். நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அண்ணன் மூடியைத் தடவிப் பார்த்து, மெதுவாகக் கழற்றி, மறுபடி வைத்தார். பூநாரைகள் எங்கள் தலைக்குமேல் வந்துவிட்டிருந்தன. அவர் பைனாகுலரைத் தண்ணீர்ப் பக்கமே பிடித்துக்கொண்டு, “ஆங், இப்போ தெரியுது” என்றார். எங்கள் சிரிப்பு நின்றுபோனது.

சிஸ்டர் போய் அவர் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். “இன்னா அண்ணா இது, ரெண்டு கண்ணுலயும் பூ முத்திப்போயி கீது? எத்தினி நாளா இப்பிடி?”

“நடக்கறதுக்குத் தெரியுதும்மா. ஆளு நெழல் தெரியுது. போதும்னு இருந்துட்டேன்.”

“ஏண்ணா எங்ககிட்ட சொல்லல?” என்றேன் நான்.

அவர் தோல்வாரைக் கையில் சுருட்டிக்கொண்டே சொன்னார். “பாக்கத் தெரியாதவன இந்த வேலைக்கு எதுக்கு இட்டுகினு வரப்போறீங்க? வூட்ல உக்காந்தா செவுத்ததான் பாத்துகினு கெடக்கணும். இங்க வந்தா நீ சொல்லிகினே இருப்ப. நல்லா இருக்கும்பா.”

திரும்பும் வழியில் வேன் பெரியபாளையம் தாண்டும்போது சிஸ்டர் தன்னையே திட்டிக்கொண்டார், “நான் பாக்கறதெல்லாம் பொறந்த கொழந்த. பெரியவங்க கண்ண எங்க பாத்தேன்” என்று. அவராவது தேவலாம். நான் அண்ணனைப் படமே எடுத்திருக்கிறேன், முதியோர் அட்டைக்காக. கருவிழியில் வெள்ளையாக ஏதோ தெரிய, ஃபிளாஷ் பட்டுவிட்டது என்று நினைத்து, கம்ப்யூட்டரில் கறுப்பு பூசி, ‘கண்ணு எப்படிப் பளிச்சுனு வந்திருக்கு பாருங்க’ என்று அவரிடமே காட்டிப் பெருமைப்பட்டவன். அவரும் “ஆங்” என்றார்.

கண்புரை ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றார் அண்ணன். இருக்கிற நிழலும் போய்விட்டால் என்ன செய்வது என்று பயம். சிஸ்டர் தினமும் அவர் வீட்டுக்குப் போய் அதட்டினார். கடைசியில் அண்ணன் ஒரு நிபந்தனை போட்டார். கட்டுப் பிரித்ததும் முதல் வேலையாக அந்த நண்டுதின்னியை நான் காட்ட வேண்டும்.

இப்போது பயம் எனக்கு வந்தது. மனிதர் கண்ணையே பணயம் வைக்கிறார், பதிலுக்கு நான் வைக்கவேண்டியது ஒரு பறவை. அதை நான் பார்த்தேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. ஸ்டூடியோவில் சட்டத்துக்குள் இருந்த பறவையை நிமிர்ந்து பார்க்கக் கூசியது. ‘பார்த்தவர்கள்’ என்ற எழுத்தைக் காலண்டர் வைத்து மறைத்தேன்.

மழைக்காலம் கழிந்து ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்த அந்த வார ஞாயிறே போனோம். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்து, வழியிலிருந்த கடைப் பலகைகளையெல்லாம் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டே வந்தார். முகத்துவாரத்தில் இறங்கியதும் சிஸ்டரைப் பார்த்து, “இன்னாம்மா, இவ்ளோ நரச்சிப்போச்சி உனக்கு?” என்றார். சிஸ்டர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பிறகு அண்ணன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குரலை வைத்துப் பெரிய ஆளாக நினைத்திருப்பார் போல.

அதே திட்டு. பனி இல்லாத நல்ல வெளிச்சம். கறுப்பு வெள்ளையாகப் பறவைகள் நின்றன. நான் பைனாகுலரில் பார்த்தேன். சிவந்த குச்சிக் கால்கள், ஊசி அலகு. நெடுங்கால் உள்ளான். எங்கள் ஊர் ஏரியிலேயே நிற்கும் பறவை, அதைப் பார்க்க டீசல் செலவே வேண்டாம். அன்றைக்கு நான் பார்த்ததும் இதைத்தான் என்பது அங்கேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பைனாகுலரை அண்ணனிடம் கொடுத்தேன். வர்ணிக்க வாய் வரவில்லை. அவர் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

“அலகு மெல்லிசா கீதே. நீ சொன்னது இது இல்லியே” என்றார்.

“இதுதாண்ணா. அன்னிக்கி நான் பாத்தது இதுதான். தப்பா சொல்லிட்டேன்.”

“இல்லபா, நான் பாத்தனே. தடி அலகு. நண்ட ஒதறிச்சி, காலு ஒண்ணு தனியா வியுந்துது. அத்த நான் பாத்தேன்.” பைனாகுலரைக் கழுத்திலிருந்து எடுக்காமலே என் பக்கம் திரும்பினார். “சட்டப்படி இன்னொரு ஆள் வேணும். நீ வேணா பாத்தேன்னு சொல்லிக்க.”

அன்று மத்தியானம்வரை பைனாகுலரை அவர் யாருக்கும் தரவில்லை. வலை இழுப்பவர்களைப் பார்த்தார், படகில் ஏறிக் குந்தியிருந்த நாயைப் பார்த்தார், கூழைக்கடாவைப் பார்த்து, “இவ்ளோ அசிங்கமாவா இருக்கும்? நீ நல்லா சொன்னியேப்பா” என்று குறைப்பட்டார். அதற்கப்புறமும் சில வருஷம் வந்தார். ஆனால் ஒவ்வொரு தடவையும் முதலில் கண்ணை மூடிக்கொண்டு, “நீ சொல்லு” என்பார். நான் சொல்லி முடித்த பிறகுதான் திறந்து பார்ப்பார். பெரும்பாலும் நான் சொன்னதுதான் நன்றாயிருந்ததாகத் தீர்ப்புச் சொல்வார்.

போன ஆடியில் சபாபதி அண்ணன் போய்விட்டார். தூக்கத்திலேயே போய்விட்டதாக அவர் தம்பி சொன்னார். முனிரத்தினம் தறியோடு வேனையும் விற்றுவிட்டு மகன் வீட்டுக்குப் போய்விட்டார். சிஸ்டர் ஓய்வுபெற்றுத் தினமும் குழுவில் கட்டைவிரல் போடுகிறார். குழுவில் இப்போது எத்தனை பேர் என்று எனக்கே தெரியாது. பறவை தெரியாவிட்டால் கைபேசியிடம் காட்டினால் அதுவே பேர் சொல்லிவிடுகிறது. ஒருவர் பார்த்ததை இன்னொருவர் பார்க்கவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. பொய் சொல்லவும் வழியில்லை. என்னைப் போன்றவர்களுக்குச் சிரமகாலம்தான்.

நேற்றுச் சாயங்காலம் பைனாகுலரோடு மாடிக்குப் போனேன். பூசணம் பிடித்த வலது கண்ணாடி வழியாக மலைப்படிக்கட்டு மங்கலாகத் தெரிந்தது. விளக்குக் கம்பத்தில் ஏதோ ஒன்று உட்கார்ந்திருந்தது. “கம்பத்துக்கு இடது பக்கம், கம்பிமேல, வாலு நீளம், இப்போ கழுத்தத் திருப்புது” என்று வாய் தானாகச் சொல்ல ஆரம்பித்தது. சொல்லி முடித்து, பைனாகுலரை இறக்கி, பழக்கதோஷத்தில் பக்கத்தில் நீட்டினேன்.

அது என்ன பறவை என்று தெரியவில்லை. பார்த்தது நான் ஒருவன்தான். அதனால் கணக்கில்லை.