மிதந்த சொட்டு

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓசூரில் பித்தளை வார்க்கும் ஒரு சின்னக் கம்பெனியில் கான்ட்ராக்ட் கூலியாக இருந்தேன். அதற்கு முன் பெங்களூரில் ஓட்டல் வேலை, கொஞ்ச நாள் லாரி கிளீனர். எட்டாவதோடு படிப்பு முடிந்தது. எந்த ஊரிலும் நான் நிலைத்ததில்லை.

அறையில் என்னோடு இருந்தவன் அஞ்செட்டிக்காரன். வாசலில் குனிந்துதான் நுழைவான். கம்பெனியில் எல்லோருக்கும் அவன் நெட்டை. அவன் மனைவி ஊரில் மாசமாக இருந்தாள். முதல் பிரசவத்தின்போது பஸ் கிடைக்காமல் வழியிலேயே குழந்தை போய்விட்டது. இந்தத் தடவை அவளை ஓசூருக்குக் கூட்டி வந்துவிட வேண்டும், அதற்கு வேலை நிரந்தரமாக வேண்டும். படுத்தாலும் எழுந்தாலும் அவனுக்கு அதே பேச்சு.

அந்த நேரம் பார்த்துப் பித்தளை காணாமல் போக ஆரம்பித்தது. சூப்பர்வைசர் திருநெல்வேலிக்காரர். பத்திரிகை படிக்கிறவர். ஒருநாள் டீ நேரத்தில் ஒரு கட்டுரையைப் பிரித்து வைத்துக்கொண்டார்.

"கேளுங்கலே. ஆம்பளை ஒடம்புல எக்ஸ் ஒண்ணு, ஒய் ஒண்ணு. குரோமோசோம்னு பேரு. சில பேருக்கு ஒய் ரெண்டு இருக்குமாம். அவன் தாறுமாறா ஒசரமா வளருவானாம். வெளிநாட்டு ஜெயில்ல அந்த மாதிரி ஆளுங்களக் கண்டுபிடிச்சிருக்காவ. பொறப்புலயே திருட்டுப் புத்தி!"

எல்லோரும் நெட்டையைப் பார்த்தார்கள். அவன் சிரித்தான். "எனக்கு எதுவுமே ரெண்டு கெடைச்சதில்லீங்க சார். மெஸ்ஸுல அப்பளங்கூட ஒண்ணுதான்."

நாங்களும் சிரித்தோம். ஆனால் வாட்ச்மேன் சிரித்ததோடு விடவில்லை. வேலை முடிந்து போகும்போது கேட்டில் ஒரு துணிப்பை நீட்டுவார்கள். கைவிட்டு ஒரு கோலிக்குண்டு எடுக்க வேண்டும். கறுப்பு வந்தவனுக்குச் சோதனை, மற்றவன் போகலாம். அன்றுமுதல் நெட்டைக்குப் பை நீட்டவில்லை. "உனக்கெதுக்குப்பா கோலி? இப்பிடி வந்து நில்லு." தினமும் தடவிப் பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததும் அவன் கெட்டிக்காரத்தனத்தில் சேர்ந்துகொண்டது.

நானும் என் பெட்டிக்குப் பூட்டு வாங்கினேன். ஆனால் அந்தக் கட்டுரையின் மேலும் எனக்குச் சந்தேகம்தான். ஜெயிலுக்குள் போய்த் தேடினார்கள், சரி. வெளியே சும்மா நடமாடும் நெட்டையர்களை யார் தேடிப் பார்த்தது? எந்த ஊர் ஆள் என்று தெரியாதவன் என்பதற்காகக் கிருஷ்ணகிரி லாக்கப்பில் என்னை ஒருமுறை உட்கார வைத்திருக்கிறார்கள். உள்ளே இருந்தவர்கள் எல்லாம் என்னைப் போலக் காய்ந்து கிடந்த குட்டை ஆட்கள்.

பிறகு கம்பெனியில் ரத்ததான முகாம் வந்தது. கொடுத்தால் நல்ல பெயர் கிடைக்கும் என்று நெட்டை முன்னால் போய் நின்றான். விரலில் குத்தி, நீலமாக இருந்த மருந்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டார்கள். எங்கள் சொட்டெல்லாம் அடியில் போய் உட்கார்ந்தது. அவனுடையது மேலேயே மிதந்தது. நர்ஸ், வேண்டாம் என்று அவனைத் திருப்பி அனுப்பிவிட்டாள். வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பாத்தியா? அவன் ரத்தமே வேற" என்றான் வரிசையில் ஒருத்தன்.

நான் நர்ஸிடம் போய்க் கேட்டேன். "ரத்தத்துல சத்து இல்லப்பா. கனம் இல்லாததால மெதக்குது. முருங்கைக்கீரை சாப்பிடச் சொல்லு" என்றாள். அதை அப்படியே சூப்பர்வைசரிடம் சொன்னேன்.

"நீ ஒருத்தன். கூட்டத்துல வச்சு ஒருத்தனத் திருடன்னு அந்தம்மா சொல்லுமால? கீரைன்னுதான் சொல்லும்."

நிரந்தரமானவர்கள் பெயரைப் பலகையில் ஒட்டினார்கள். அவன் பெயர் இல்லை. ஏன் என்று அவன் போய்க் கேட்கவில்லை. அறைக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"ஏண்ணா, அந்த ஒய்யி பொண்ணுங்களுக்குக் கெடையாதுதானே?"

"கெடையாதுன்னுதான் சார் படிச்சாரு."

"அப்ப பொண்ணாப் பொறந்துட்டாத் தேவல."

அந்தச் சீமையில் அந்த நாளில் பெண் பிறந்தால் சில வீடுகளில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அங்கே ஒருத்தன் பெண் வேண்டும் என்று ஏங்கியதை நான் அன்றுதான் கண்டேன். திருடவில்லை என்று அவனுக்கே தெரியும். தெரிந்தும் தன் ரத்தத்தை அவனால் நம்ப முடியவில்லை. மறுநாள் கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். பித்தளை எப்படிப் போனது என்பது நான் இருந்தவரை தெரியவில்லை.

ரொம்பப் பிற்பாடு, பெங்களூரில் ஆஸ்பத்திரி வார்டு கூட்டிய காலத்தில், ஒரு டாக்டரிடம் இதைக் கேட்டேன். ஒய் இரண்டு உள்ளவர்களில் பெரும்பாலானவர்கள் அது தெரியாமலே எல்லோரையும் போல வாழ்ந்து முடிக்கிறார்கள், அது இருந்தால் குற்றவாளி என்பது ஆதாரம் இல்லாத பேச்சு என்றார். நெட்டைக்கு அது இருந்ததா என்று யாரும் பார்த்ததே இல்லை, உயரத்தை மட்டும்தான் பார்த்தார்கள்.

அதற்கு வெகுகாலம் முன்பே, ஓசூரை விட்டுக் கிளம்பும் சமயத்தில், ஒருமுறை அஞ்செட்டிக்குப் போனேன். வீட்டிலேயே பிரசவம் ஆகியிருந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் குறை இல்லை. பையன். நெட்டை தூளியை விலக்கி, "வெரலக் குடுத்துப் பாருங்கண்ணா" என்றான். கொடுத்தேன். குழந்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"எடுத்தா விடமாட்டேங்கறான். எது கெடைச்சாலும் இப்படித்தான்."

"எல்லாக் கொழந்தையும் அப்படித்தான்யா பிடிக்கும்."

"அப்படீங்களா?" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விட்டான்.