நடுக்கடலில் தீர்ந்துபோன கடலை எண்ணெய்

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவின் உள்பக்கம் என் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதில் மூன்று பத்திகள்: சாப்பிடலாம், கூடாது, அம்மாவிடம் கேட்கணும். முதல் பத்தியில் சோறு, பருப்பு, முட்டை, மோர் என்று இருபத்தேழு வரிகள். இரண்டாவதில் ஒரே ஒரு வரி: நிலக்கடலை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் அந்த ஒரு வரி இருந்தாலே மூன்றாவது பத்திக்குத் தாள் போதாது. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே மழை பெய்தால் இந்த வருஷத்துக் கடலை, பெய்யாவிட்டால் போன வருஷத்துக் கடலை. கடலை எண்ணெயில் தாளிக்காத குழம்பு கிடையாது. தேங்காய்ச் சட்னி என்று வைப்பதிலும் பாதி கடலைதான்.

நாலு வயதில் ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஆசையாக ஊட்டிய கடலை உருண்டையில் என் உதடு வீங்கி, கண் மூடிக்கொண்டு, மூச்சு விசிலடித்ததாம். டாக்டர் ஊசி போட்டுப் பிழைக்க வைத்து, இனிமேல் கடலை பட்ட கரண்டிகூட ஆகாது என்று சொல்லி அனுப்பினார். ஒவ்வாமை என்ற சொல்லெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. 'பாப்பாவுக்குச் சேராது', அவ்வளவுதான்.

அதன் பிறகு நான் எந்தப் பந்தியிலும் உட்கார்ந்ததில்லை. எல்லோரும் வரிசையாக இலை முன் உட்காரும்போது, நான் மட்டும் பெண் வீட்டார் சாமான் வைத்திருக்கும் அறையில் தூக்குவாளியைத் திறந்துகொண்டு உட்காருவேன். அதில் எனக்கு அழுகையெல்லாம் கிடையாது. ஒரே ஒரு ஆசைதான். சாம்பார் வாளியோடு வரிசையில் வருகிறவர் என் முன்னால் நின்று, "பாப்பாவுக்கு?" என்று கேட்க வேண்டும்.

என் மாமா போர்ட் பிளேயரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நான் நாலாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில், தன் முதல் குழந்தையைத் தொட்டிலில் போடுவதற்கு எங்களை அழைத்தார். சென்னையிலிருந்து கப்பலில் மூன்று நாள் பயணம். கடிதத்தின் கடைசியில், வரும்போது நம்மூர் வறுகடலை ஒரு டின் கொண்டுவரவும், இங்கே கிடைப்பது வாயில் வைக்க விளங்கவில்லை என்று எழுதியிருந்தார்.

அப்பா திருச்சுழி தாலுகா ஆபீசில் குமாஸ்தா. எதையும் முறைப்படி செய்கிறவர். ஒரே அளவில் இரண்டு சதுரத் தகர டின்கள் வாங்கினார். ஒன்றில் மாமாவின் கடலை. மற்றொன்றில் மூன்று நாளைக்கு என் சாப்பாடு: நல்லெண்ணெயில் செய்த புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, அவல், பொரிமாவு, சீடை. வெறும் சோறு மட்டும் கப்பலில் வாங்கிக்கொள்வதாகத் திட்டம். இரண்டு டின்களையும் வெள்ளைத் துணியில் பொதிந்து, சாக்கு ஊசியால் தைத்து, மையால் முகவரி எழுதினார். மாறிவிடக் கூடாது என்று என்னுடையதைச் சிவப்பு நூலிலும் கடலையைப் பச்சை நூலிலும் தைத்தார். குழப்பத்துக்கு இடமே இல்லை. பிறகு நடந்தது குழப்பத்தால் நடந்ததல்ல.

கப்பல் துறைமுகத்தைத் தாண்டி, கரை ஒரு கோடாகத் தேய்ந்த பிறகு, அடுக்குக் கட்டில்கள் போட்ட பெரிய கூடத்தில் எங்கள் இடத்தைப் பிடித்து உட்கார்ந்தோம். அம்மா என் டின்னைக் கேட்டாள். அது கீழே சரக்கறையில் பத்திரமாக இருப்பதாக அப்பா பெருமையோடு சொன்னார். முக்கியமான டின் ஆயிற்றே, கையில் வைத்திருந்தால் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று ரசீது போட்டுக் கொடுத்துவிட்டாராம். சரக்கறையைப் போர்ட் பிளேயரில்தான் திறப்பார்கள். அம்மா குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். பச்சை நூல் டின் இருந்தது.

நாங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அம்மாவுக்கு நிஜமாகவே கோபம் வந்தால் மட்டும் தமிழுக்கு மாறுவாள், நாலு பேருக்கு விளங்க வேண்டும் என்று.

"ஆபீசுல பைலப் பீரோவுல வச்சுப் பூட்டுற மாதிரி, புள்ள சோத்தப் பூட்டிட்டு வந்திருக்கீகளே! மூணு நாளைக்கி ரசீதையா திம்பா?"

நாலு பேருக்கு நன்றாகவே விளங்கியது. எதிர்க் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து, "தொட்டுக்க ஊறுகா நம்மட்ட இருக்கு அண்ணாச்சி" என்றார். கூடமே சிரித்தது. அப்பா ரசீதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அம்மா இரண்டு உத்தரவுகள் போட்டாள். ஒன்று, கடலை டின் என் பக்கத்தில் இருக்கக் கூடாது. இரண்டு, அதைத் தனியாக விடவும் கூடாது, தொலைந்தால் மாமாவுக்கு யார் பதில் சொல்வது. ஆகவே அப்பா டின்னோடு மேல்தளத்துக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கே ஒரு துண்டை விரித்து, டின்னில் சாய்ந்துகொண்டு, கடலைப் பார்த்தபடி இருந்தார். ஐந்து வயதுத் தம்பி இரு தரப்புக்கும் தூது போய்வந்தான். இரண்டாம் நாள் அவன் விரலைப் பிடித்து முகர்ந்து பார்த்த அம்மா, அவனைக் குழாயடிக்கு இழுத்துப்போய்ச் சோப்புப் போட்டுக் கழுவி, வாயையும் ஏழெட்டுத் தடவை கொப்பளிக்க வைத்தாள். பச்சை நூல் ஒரு ஓரமாகப் பிரிந்துவிட்டது என்பது அப்போதே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் அது பிற்பாடு. முதல் நாள் மாலையே அம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு கப்பலின் சமையலறைக்குப் போனாள். எங்கள் தெரு மளிகைக்கடையில்கூட அவசியத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசாதவள். சமையல்காரர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், பெருத்த உடம்பு. என் உயரத்துக்கு ஒரு அண்டாவைத் துடுப்பு மாதிரியான கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தார். அம்மா சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கடல பட்ட கரண்டிகூட ஆவாதுன்னா, ஒங்க ஊருல எப்படித் தாயி இம்புட்டு நாளு உசுரோட இருக்கா?"

"அதத்தான் நாங்களும் அதிசயமாப் பாத்துக்கிட்டிருக்கோம்" என்றாள் அம்மா.

வெறும் சோறும் தயிரும் தருவதாக அவர் ஒப்புக்கொண்டார். சோறு எந்தக் கரண்டியில் அள்ளுவது என்று அம்மா கேட்டாள். எல்லாம் கழுவின கரண்டிதான் என்றார். அம்மா என் பக்கம் குனிந்து, இந்த ஆளைப் பார்த்தால் கரண்டி கழுவுகிறவராகத் தெரியவில்லை என்று தெலுங்கில் சொன்னாள். அவர் அண்டாவை விட்டுத் திரும்பாமலே, இரண்டு தடவை கழுவுவேன் என்று தெலுங்கில் பதில் சொன்னார். விசாகப்பட்டினத்தில் எட்டு வருஷம் சமைத்தவராம்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவர் அண்ணனாகவும் அம்மா தங்கச்சியாகவும் ஆகிவிட்டார்கள்.

அன்றே அம்மா சொல்லச் சொல்ல நான் என் நோட்டில் எழுதி, தாளைக் கிழித்து அவரிடம் கொடுத்தேன். பாப்பா பாத்திரம் தனி. அதில் வேறு கரண்டி விழக்கூடாது. பாப்பாவுக்குச் சமைத்து எடுத்து மூடிய பிறகுதான் மற்ற அடுப்பில் எண்ணெய் ஊற்ற வேண்டும். இப்படி ஆறு விதிகள். ஏழாவதை நானே சேர்த்தேன்: சந்தேகம் இருந்தால் கேட்கவும். அவர் நாலு சோற்றுப் பருக்கையை நசுக்கி அதைச் சுவரில் ஒட்டினார். கப்பலில் வேலை பார்த்த கேரளத்துக்காரர்கள் தங்களுக்கென்று வைத்திருந்த தேங்காய் எண்ணெயில் கொஞ்சம் வாங்கி, ஓரத்து அடுப்பில் எனக்கென்று பீன்ஸ் பொரியல் செய்தார். சும்மா நிற்கத் தெரியாத அம்மா பீன்ஸ் நறுக்கினாள். எனக்குக் கால் கிலோ போதும். அவள் பத்துக் கிலோ நறுக்கினாள்.

ஒவ்வொரு வேளையும் மணியடிப்பதற்கு முன்னால் நான் நோட்டோடு போய் விதிப்படி சரிபார்ப்பேன். என் தலை தெரிந்ததும் அவர் சத்தம் போடுவார்: "ஏலே, இன்ஸ்பெக்டரம்மா வாராக! அந்தக் கரண்டியில எவனும் கை வைக்காதீக!" உள்ளே இருந்த அத்தனை பேரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு விறைப்பாக நிற்பார்கள். நான் சிரிக்காமல் ஒவ்வொரு வரிக்கும் நேரே சரி போடுவேன். அப்படி ஒரு மரியாதை பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைத்ததில்லை.

சாப்பிடுவது மட்டும் சமையலறை மூலையில், ஒரு கவிழ்த்த பெட்டியின் மேல். அங்கிருந்து பார்த்தால் கதவு வழியாகச் சாப்பாட்டுக் கூடம் தெரியும். நீளநீள மேசைகள், வரிசை வரிசையாக ஆட்கள், வாளிகளோடு நடக்கிறவர்கள். கப்பல் ஒரு பக்கம் சாயும்போது அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தட்டைப் பிடித்துக்கொள்வார்கள். அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் சமையல்காரர் என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"சோத்தப் பாக்காம அங்க என்னத்தப் பாக்க?"

"பந்தியப் பாக்கேன்."

"ஒங்க ஊருல பந்தியே கெடையாதாக்கும்?"

"இருக்கு. வாளியில வாரது எல்லாம் கடல எண்ணெ. அதுனால பந்தி எனக்குச் சேராது."

"ஒரு தடவகூடவா ஒக்காந்தது இல்ல?"

நான் கணக்குப் பார்த்துச் சொன்னேன்: "நாலு வயசுல ஒக்காந்தேன். அதுக்கப்புறம் இல்ல."

அவர் என் தலையில் கையை வைத்து அழுத்தி, அதையே ஊன்றுகோலாக வைத்து எழுந்து போனார்.

மூன்றாம் நாள் விடிந்ததிலிருந்து அம்மாவைக் காணவில்லை. தேடிப்போனால் சமையலறையில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கப்பலில் இருந்த அண்டா, வாளி, கரண்டி அத்தனையையும் சோப்புத்தூளும் புளியும் போட்டு விளக்கிக்கொண்டிருந்தாள். கூடவே நாலைந்து பேர் கொதிநீர் ஊற்றி அலசினார்கள். எதற்கு என்று கேட்டேன். சும்மா உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது என்றாள். நோட்டில் எழுதினேன்: அம்மாவுக்குக் கடல் சேரவில்லை.

மத்தியானம் மணியடித்ததும் சமையல்காரர் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் வந்து நின்று கைதட்டினார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! கடல எண்ணெ தீந்துபோச்சி. இன்னைக்கி எல்லாமே தேங்கா எண்ணெதான். வையிறவுக இப்பவே வஞ்சிருங்க!"

அம்மா என்னை அழைத்துக்கொண்டு கூடத்துக்குள் போனாள். மேல்தளத்துக்குத் தம்பி ஓடினான். அப்பா டின்னை ஊறுகாய்க்காரர் பொறுப்பில் விட்டு, வேறு சட்டை மாற்றி, முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டு வந்தார். அம்மா அவர் கையையும் முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விட்டாள். நாங்கள் நாலு பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். எனக்கு இடப்பக்கம் தம்பி, வலப்பக்கம் முன்பின் தெரியாத ஒருவர்.

அந்தத் தெரியாதவர் முதல் வாயிலேயே முகத்தைச் சுளித்தார். "என்னய்யா இது! தலைக்குத் தேய்க்கிறதச் சோத்துல ஊத்தியிருக்க?"

"நடுக்கடல்ல எண்ணெக்கடையா இருக்கு, ஓடிப்போயி வாங்கியார? சாப்பிடும்வே, முடி நல்லா வளரும்" என்றார் சமையல்காரர். அந்த மனிதருக்கு வழுக்கைத் தலை. மேசை முழுக்கச் சிரித்ததில் அவரும் சிரித்துவிட்டார்.

சாம்பார் வாளி வந்தது. தம்பிக்கு ஊற்றியது. பிறகு என் முன்னால் நின்றது.

"பாப்பாவுக்கு?"

நான் அம்மாவைப் பார்த்தேன். முகர்ந்து பார்க்காமல் அவள் எதையும் என் தட்டில் விட்டதில்லை. அன்றைக்கு வாளிப் பக்கம் திரும்பக்கூட இல்லை. "வாங்கிக்கோ" என்றாள், தெலுங்கில் இல்லை, தமிழில், சத்தமாக.

அன்று நான் வாங்கியவை: சோறு மூன்று தடவை, சாம்பார் இரண்டு, முட்டைக்கோஸ் பொரியல் மூன்று, ரசம் ஒன்று, மோர் ஒன்று, சுட்ட அப்பளம் நாலு. தேவையில்லாதபோதும் ஒரு தடவை வாளிக்காரரைக் கேட்கச் சொல்லி, அவர் கேட்டதும் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அதுவும் நன்றாக இருந்தது. தேங்காய் எண்ணெய் வாடையே ஆகாத அம்மா பொரியலை இரண்டாம் முறை கேட்டு வாங்கி, "நல்லாருக்குண்ணே" என்றாள். அவள் ஏன் பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். கப்பல் சாய்ந்தது. எல்லோரோடும் சேர்ந்து நானும் தட்டைப் பிடித்துக்கொண்டேன்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, சமையல்காரரிடம் நேராகப் போனேன். எனக்கு அவர் மேல் கொஞ்சம் வருத்தம் இருந்தது. இவ்வளவு நல்லவர் இவ்வளவு அஜாக்கிரதையாக இருக்கலாமா?

"அடுத்த தடவ கெளம்பும்போது எண்ணெ எவ்வளவு வேணும்னு மொதல்லயே எழுதி வச்சுக்கோங்க. பாருங்க, எல்லாரும் வையிறாக."

அவர் கையைக் கட்டிக்கொண்டு, சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். "சரிங்க இன்ஸ்பெக்டரம்மா. இனிமே இப்படித் தப்பு நடக்காது."

திரும்பும்போது சமையலறைச் சுவர் ஓரமாக, கடலைப் படம் போட்ட எண்ணெய் டின்கள் ஆறு வரிசையாக நின்றன. ஒன்றில்கூட மூடி வெட்டப்பட்டிருக்கவில்லை. காலி செய்த டின்களைத் திரும்பவும் இவ்வளவு நேர்த்தியாக மூடி வைத்திருக்கிறாரே, இந்த அக்கறையை எண்ணெய் வாங்குவதில் காட்டியிருக்கலாமே என்று தோன்றியது. ஒன்றைக் காலால் தள்ளிப் பார்த்தேன். அசையவே இல்லை. கப்பலில் காலி டின்களைக்கூட ஆணி அடித்துத் தரையோடு பிணைத்துவிடுகிறார்கள் என்று வியந்துகொண்டே படியேறினேன்.