ரெசின் ஏறிய நாளில் ஒரு கல்யாணம்

எங்கள் கம்பெனியில் காயில் செய்கிறோம் என்று சொன்னால் ராஜபாளையத்தில் யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை. மோட்டார் காயில் என்று அவர்களே முடிவு செய்துகொண்டு, தங்கள் வீட்டு மிக்சி எப்போது புகைந்தது என்பதைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். ஆரம்பத்தில் நான் திருத்திப் பார்த்தேன். பிறகு மிக்சியின் கதையைக் கேட்டுக்கொள்வதே சுலபம் என்று விட்டுவிட்டேன்.

உண்மையில் நாங்கள் செய்வது அணு இணைவு உலைக்கான காந்தச் சுருள். சூரியனுக்குள் நடப்பதைப் பூமியில் நடத்திப் பார்க்கிற உலை அது. உள்ளே இருக்கும் வாயு எந்தப் பாத்திரமும் தாங்காத சூட்டில் இருக்கும். அது சுவரில் பட்டுவிடாமல் நடுவில் பிடித்து வைப்பது சுற்றி நிற்கும் பெரிய காந்தங்களின் வேலை. அந்தக் காந்தங்களை மீக்கடத்திக் கம்பியால் சுற்றுவார்கள். திரவ ஹீலியத்தில் குளிரவைத்தால் கொஞ்சமும் இழப்பில்லாமல் மின்சாரத்தைக் கொண்டுபோகும் கம்பி அது. இந்தச் சுருளைச் செய்து பார்க்க எங்கள் கம்பெனி தேர்ந்தெடுத்த இடம், ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழியில் மூடிக் கிடந்த ஒரு நூல் மில். கூரை உயரமாக இருந்தது, வாடகை குறைவாக இருந்தது. விஞ்ஞானக் காரணம் வேறெதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

முதல் சுருள் ஒத்திகைக்கு. உலைக்குப் போகாது. ஆனால் செய்முறையில் ஒரு படிகூட விடக் கூடாது. கம்பியை வளைத்துச் சுற்றி, ஒவ்வொரு சுற்றின் மேலும் கண்ணாடி இழை நாடாவைக் கையால் சுற்றி, மொத்தத்தையும் ஒரு இரும்பு அச்சுக்குள் பூட்டி, காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, ரெசின் என்கிற பிசினைச் சூடாக உள்ளே ஏற்ற வேண்டும். ரெசின் நாடாவுக்குள் ஊறி இறுகினால்தான் சுருள் ஒரே கட்டியாக நிற்கும். எங்காவது காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டால் பின்னால் அந்த இடத்தில் மின்சாரம் தாவும்.

நாடா சுற்றியவர்கள் தளவாய்புரத்து அக்காமார். அதற்கு முன்பு நைட்டி தைத்துக்கொண்டிருந்தவர்கள். தர ஆய்வாளராகிய என் முக்கியமான வேலை, காலையில் வாசலில் நின்று அவர்கள் தலையிலிருந்து பூவையும் ஊக்கையும் வாங்கி வைப்பது. சுருள் இருக்கும் அறைக்குள் தூசியோ உலோகத் துணுக்கோ போகக் கூடாது. "நாங்க என்ன ஆபரேசனுக்கா போறோம்" என்று கேட்பார்கள். பட்டதாரியாகி நான் செய்த வேலை பூக்கூடை காப்பது என்று எங்கள் வீட்டிலும் நம்பினார்கள்.

அந்த அறையில் வெற்றிடத்துக்குப் பொறுப்பானவர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், என் ஊர். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். பம்பு, குழாய், அழுத்தமானி எல்லாம் அவர் கையில். நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகாதவர். வேலை பார்ப்பதும் வெற்றிடம், வீட்டுக்குப் போனாலும் வெற்றிடம் என்று நைட்டி அக்காமார் அவர் காதுபடவே சொல்வார்கள். அவர் அழுத்தமானியைத் துடைத்துக்கொண்டே சிரிப்பார்.

ஒருவழியாகச் சேத்தூரில் பெண் அமைந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பா, "மாப்ளைக்கு என்ன சோலி" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் காயில் என்ற சொல்லோடு நிறுத்தியிருக்கலாம். மீக்கடத்தி, வெற்றிடம் என்று நெடுநேரம் விளக்கியிருக்கிறார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட அந்த விவசாயி கடைசியில், "நல்லதாப் போச்சு. நம்ம தோட்டத்து மோட்டாரு அடிக்கடி கருகிப் போவுது. போறப்ப எடுத்துட்டுப் போயிருங்க" என்றாராம்.

கல்யாணம் கூடி வருகிற நேரத்தில் முடியாது என்று சொல்ல அண்ணனுக்கு நா எழவில்லை. மோட்டாரை பைக்கில் கட்டிக்கொண்டு வந்தார். ராஜபாளையத்தில் ஒரு ரீவைண்டிங் கடையில் கொடுத்துச் சரிசெய்து, தானே சரிசெய்தது போலத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தார். மோட்டார் நன்றாக ஓடியது. அதுதான் வினையாகப் போயிற்று. நிச்சயத்துக்குள் பெண்ணின் சித்தப்பா மோட்டார், பெரியப்பா மோட்டார், பக்கத்துத் தோட்டத்து மோட்டார் என்று வரிசையாக வந்தன. "புது மாப்ள கை பட்டா ரெண்டு வருசத்துக்குக் கவல இல்ல" என்று சேத்தூரில் பேச்சு. ரீவைண்டிங் கடைக்காரர் அண்ணனைக் கண்டால் டீ வாங்கித் தர ஆரம்பித்தார்.

கல்யாணத்துக்கு ராஜபாளையத்து சர்ச்சில் நாள் குறித்தார்கள். அதற்கடுத்த வாரம் லெந்து காலம் தொடங்குகிறது. தொடங்கிவிட்டால் ஈஸ்டர் முடிகிறவரை சர்ச்சில் கல்யாணம் கிடையாது. அதனால் தேதியைத் தள்ள வழியில்லை. அண்ணன் கணக்குப்படி ரெசின் வேலை அதற்கு வெகு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அச்சைச் சூடாக்கிக் காற்றை உறிஞ்சத் தொடங்கியபோது எங்கோ ஒரு மெல்லிய கசிவு இருந்தது. ஹீலியம் வாயுவை வெளியிலிருந்து பீய்ச்சிப் பீய்ச்சி, அது எங்கே உள்ளே நுழைகிறது என்று அவர் ஒவ்வொரு பூட்டாகத் தேடினார். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று சபையில் ஓலை வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றாகப் போயின, கசிவு மட்டும் பிடிபடவில்லை. ஒரு வெல்டிங்கில் அதைக் கண்டுபிடித்து அடைத்தபோது கல்யாண வாரம் வந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து வந்த ரெசினின் கெடுவும் அந்த வாரத்தோடு முடிகிறது. மேலாளர் நாட்காட்டியைப் பார்த்தார். ரெசின் ஏற்றுவது, கல்யாணத்தன்று காலையில்.

"நான் இல்லாம எப்படி" என்றார் அண்ணன்.

"நீங்க இல்லாம அங்கதான் நடக்காது. இங்க நாங்க பாத்துக்கிடுதோம்" என்றேன்.

அவர் முகத்தில் நம்பிக்கை இல்லை. எந்த வால்வை எப்போது தொட வேண்டும் என்று எனக்கு ஒருமுறை சொன்னார். பிறகு இன்னொருமுறை. பிறகு முந்தின நாள் மாலை, நலுங்குக்கு உட்கார்ந்த இடத்திலிருந்து போனில்.

காலையில் எல்லாம் ஒழுங்காகவே தொடங்கியது. சூடேறிய ரெசின் நல்லெண்ணெய் பதத்தில் இருக்கும். அச்சின் அடிக்குழாய் வழியாக மெல்ல உள்ளே போய், சுருளின் ஒவ்வொரு அடுக்கிலும் ஊறி, மேலே ஏறி, உச்சியில் இருக்கும் கண்ணாடிக் குழாயில் எட்டிப் பார்க்க வேண்டும். குமிழி இல்லாமல் அது வந்துவிட்டால் வேலை பாதி முடிந்தது. அதுவரை வெற்றிடம் குறையக் கூடாது. மானியில் எண் ஏறினால் எங்கோ காற்று உள்ளே வருகிறது என்று அர்த்தம்.

அண்ணன் மாப்பிள்ளைக் காரில் ஏறும்போது வாட்ஸப்பில் கேட்டார். "எம்புட்டு?" நான் எண்ணை அனுப்பினேன். சர்ச் வாசலில் மறுபடி. "எம்புட்டு?" அனுப்பினேன். ஆராதனை தொடங்கிய பிறகு கேள்வி நின்றது. அப்பாடா என்று ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். குடித்து முடிப்பதற்குள் எண் ஏறத் தொடங்கியது.

ஏறினால் உடனே சொல்ல வேண்டும் என்பது அவர் உத்தரவு. "ஏறுது" என்று ஒரே சொல்லாக அனுப்பிவிட்டு, நானும் மேலாளரும் உச்சிக் கண்ணாடிக் குழாயிடம் ஓடினோம். குழாயைப் பிடித்திருந்த கிளாம்ப் சூட்டில் நெகிழ்ந்திருந்தது. முறுக்கினோம். எண் செத்த நேரம் நின்று யோசித்தது, பிறகு இறங்கியது. "சரியாயிட்டு" என்று அனுப்பினேன். எங்கள் கூடத்துத் தகரக் கூரைக்குள் சிக்னல் வரும் போகும். முதல் செய்தி போய்ச் சேர்ந்தது. இரண்டாவது போகாமல் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது.

சர்ச்சில் நடந்ததைப் பிறகு வீடியோவில் பார்த்தேன். பெண் வெள்ளைப் பட்டில் நிற்கிறார். மாப்பிள்ளைத் தோழன் அண்ணனின் போனைக் குனிந்து பார்க்கிறான், பிறகு அவர் காதருகே ஏதோ சொல்கிறான். சரியாக அப்போது போதகர், இந்தப் பெண்ணை மனைவியாக ஏற்றுக்கொள்கிறாயா என்று கேட்கிறார். அண்ணன் அண்ணாந்து கூரையைப் பார்க்கிறார். போதகர் இரண்டாம் தரம் கேட்கிறார். முன் வரிசையில் பெண்ணின் அப்பா எழுந்து நிற்கிறார். பெண் வீட்டு ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். நாற்பது வயதுவரை இவர் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதற்கு அந்த நிமிடத்தில் அங்கே பல காரணங்கள் கிளம்பியிருக்கும்.

டீச்சர் தலையைத் திருப்பாமல் மெல்லிய குரலில் கேட்டிருக்கிறார். "என்ன ஏறுது?"

"பிரஷர்."

"அது ஏறட்டும். மொதல்ல இவியளுக்குப் பதில் சொல்லுங்க."

அண்ணன் ஏற்றுக்கொள்கிறேன் என்றார். தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னதால் ஒரு குழந்தை அழுதது.

விருந்தில் பிரியாணி அவருக்கு இறங்கவில்லை. என்னைக் கூப்பிட்டாலும் லைன் கிடைக்கவில்லை. மாலையில் பெண்ணும் மாப்பிள்ளையுமாக ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புறப்பட்டிருக்கிறார்கள். எங்கள் கூடம் வழியில்தான் இருக்கிறது. அந்த வளைவு வரும்போது அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறார். காரை நிறுத்தச் சொன்னது டீச்சர்தான். முன் சீட்டிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு மொதமொதல்ல வீட்டுக்கு வருது, வழியில பாக்டரியில எறங்குறதா" என்று கேட்டார்களாம். "பாக்காம வந்தா இவிய வீட்டுக்குள்ள வந்தும் வராத மாதிரிதான் இருப்பாக அத்தே" என்று சொல்லிவிட்டு டீச்சர் இறங்கினார்.

பூ ஜோடித்த கார் வாசலில் நின்றதும் நைட்டி அக்காமார் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். இத்தனை நாள் தங்கள் தலைப்பூவைப் பிடுங்கிய நான் இப்போது என்ன செய்கிறேன் என்று பார்ப்பதில் அவர்களுக்குப் பெரிய ஆர்வம். நானும் சளைக்கவில்லை. மாப்பிள்ளையின் மாலையையும் பெண்ணின் பூச்செண்டையும் வாங்கிக் கூடையில் வைத்தேன். வேட்டிக்கும் பட்டுக்கும் மேல் வெள்ளை அங்கி, காலுக்கு உறை, தலைக்குத் தொப்பி. டீச்சரின் முக்காட்டுக்கு மேல் தொப்பியை மாட்ட இரண்டு பேர் வேண்டியிருந்தது. அண்ணன் நேராக மானியிடம் போனார். எண்ணைப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், மறுபடி பார்த்தார். பிறகுதான் அன்றைக்கு முதல் முறையாக அவர் முகம் மாப்பிள்ளை முகமாக ஆனது.

டீச்சர் அவர் பக்கத்தில் நின்று, வீட்டு உயரத்துக்கு நின்ற அச்சை அண்ணாந்து பார்த்தார். அதன் உச்சியில் குழாய்க்குள் ரெசின் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. முதலில் நுரையாக, பிறகு குமிழி குறைந்து, கடைசியில் தெளிந்த தேன் நிறத்தில். எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தோம். மேலாளர்கூட.

டீச்சர் அண்ணன் பக்கம் திரும்பினார். "இம்புட்டுப் பெருசு. இது எங்க தோட்டத்து மோட்டாருக்குள்ள எப்படிப் போச்சு?"

அண்ணன் மானியைத் துடைக்கத் தொடங்கினார். டீச்சர் தொடர்ந்தார். "நீங்க கட்டிக் குடுத்த எல்லா மோட்டாரிலயும் ராஜபாளையத்துக் கடை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. ஒண்ணையாவது கிழிச்சிட்டுக் குடுத்திருக்கலாம்."

"உங்க அப்பாவுக்குத் தெரியுமா?"

"அப்பாவுக்குத் தெரியாது. ஒரு மோட்டாருக்காகப் பொய் சொல்லுதவுக, பெருசா பொய் சொல்ல மாட்டாகன்னு நெனச்சேன். அதான் சரின்னேன்."

நைட்டி அக்காமார் சிரித்த சிரிப்பில் தூசி அளக்கும் கருவியே கூவியிருக்கும். அண்ணன் காதுவரை சிவந்து, செய்வதறியாமல் ஒரு வால்வைத் தொட்டார். நான் அவர் கையை எடுத்துவிட்டேன்.

ரெசின் இறுகி, ஆறி, அச்சைத் திறந்தபோது சுருள் வழுவழுப்பாக, பழுப்புக் கண்ணாடி போல வந்தது. மின் சோதனையிலும் தேறியது. அதன் பிறகு, முதலிலேயே தீர்மானித்தபடி, அதை ரம்பத்தால் துண்டு துண்டாக அறுத்தோம். ஒத்திகைச் சுருளின் கதி அதுதான். உள்ளே ரெசின் எல்லா இடத்துக்கும் போயிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேறு வழியில்லை. இதை அண்ணன் தன் மனைவியிடம் சொல்லியிருக்கவில்லை. ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில் வைத்தபோதுதான் டீச்சருக்குத் தெரிந்தது. "அறுக்கறதுக்கா அன்னிக்கு சர்ச்சில எங்கப்பாவ எந்திரிக்க வச்சீக" என்று கேட்டுவிட்டு, அன்று முழுக்க அவரோடு பேசவில்லையாம். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளைகளிடம் காட்டியிருக்கிறார். துண்டின் அந்த வெட்டு முகத்தில் கம்பிகளின் வட்டங்கள் வரிசையாக, அச்சடித்தது போல இருக்கும். அண்ணன் பலமுறை சொல்லிப் புரியவைக்க முடியாத மீக்கடத்தியை அவர் ஒரு பீரியடில் சொல்லி முடித்துவிட்டதாக அண்ணனே என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

இப்போது உலைக்குப் போகிற சுருளைத் தொடங்கியிருக்கிறோம். நாடா சுற்றுகிற வேலை நடக்கிறது. டீச்சர் சமையலில் அண்ணன் கொஞ்சம் சதை போட்டுவிட்டார். பழைய வெள்ளை அங்கியில் பொத்தான் சேரவில்லை. தளவாய்புரத்து அக்காமார் இரண்டு பக்கமும் பிரித்து, உள்ளே துணி வைத்துத் தைத்துக் கொடுத்தார்கள். தைத்தது என்னவோ நைட்டி மாதிரிதான் இருக்கிறது, ஆனால் அவரிடம் யாரும் அதைச் சொல்லவில்லை.