லூர்துமேரி வீட்டு ஒட்டகம்

லூர்துமேரிக்கு எதைப் பார்த்தாலும் முதலில் வருவது "சீ"தான். நல்ல வார்த்தை சொல்ல வாயைத் திறந்தாலும் அந்த ஒற்றை எழுத்தைத் தாண்டித்தான் மற்றது வெளியே வர வேண்டும். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் ரோட்டோரத்து ரைஸ் மில்லில் அவளுக்கு வேலை. புழுக்கிய நெல்லைக் களத்தில் பரப்பி, காலால் கிளறி, வெயில் இறங்குவதற்குள் கூட்டி அள்ள வேண்டும். கூட வேலை செய்கிறவள் ஈ மொய்த்த வடையைத் தின்றால் சீ. மேஸ்திரி வெற்றிலைச் சாறு வழிந்த வாயைத் துண்டால் துடைத்து, அதே துண்டைத் தலையில் கட்டினால் சீச்சீ. களத்துப் பெண்கள் அவளுக்குச் 'சீச்சீ லூர்து' என்றே பேர் வைத்துவிட்டார்கள். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தூக்குச்சட்டியை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி, தள்ளி உட்கார்ந்துதான் சாப்பிடுவாள்.

இத்தனை சுத்தம் பார்க்கிறவளை ஊருக்குள் வாசலோடு நிறுத்தித்தான் பேசுவார்கள். காலனிக்காரி அல்லவா! மூக்கைச் சிந்தி வேட்டியில் துடைக்கிறவன் வீட்டுத் தண்ணீர்ப் பானையை இவள் தொடக்கூடாதாம். என்ன கணக்கோ அது. அதற்கும் அவளிடம் ஒரு சீ இருந்தது, மனசுக்குள்.

இப்படி உலகத்தையே பார்த்து முகம் சுளித்தவளைப் போன கிறிஸ்மஸுக்கு ஒருத்தி முகம் சுளித்துப் பார்த்துவிட்டாள். அவள் வேறு யாருமில்லை, நாத்தனார் ராஜாமணி. லூர்துமேரியின் புருஷன் சூசை லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவன். ராஜாமணி அவனுடைய ஒரே தங்கை. விழுப்புரத்தில் ரயில்வே வேலைக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டு, குவார்ட்டர்ஸில் குடியிருந்தாள். குழாயைத் திருகினால் தண்ணீர், சுவிட்சைப் போட்டால் ஃபேன். கிறிஸ்மஸ் அன்று மதியம் தாய்வீடு என்று அண்ணன் வீட்டுக்கு வருவது அவள் வழக்கம். போன வருஷம் வந்தவள் வாசற்படியிலேயே நின்று, அடுப்புப் புகை படிந்த சுவரையும் அதில் காரை பெயர்ந்த இடங்களையும் பார்த்து முந்தானையை மூக்கில் வைத்தாள்.

"சீ! என்னா அண்ணி இது, ஊடா, மாட்டுக் கொட்டாயா?"

விடியற்காலையிலிருந்து அடுப்பில் வெந்த கறிக்குழம்பு அப்படியே இருந்தது. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு, பையில் கொண்டுவந்த பன்னைப் பிய்த்துத் தின்றாள் ராஜாமணி. போகிறபோது மூலையில் வைத்திருந்த கிறிஸ்மஸ் குடிலையும் விடவில்லை. "நாங்க இந்த வருசம் பாண்டிலேர்ந்து ஒட்டகம் வாங்கியாந்து வெச்சிருக்கோம் அண்ணி. ஒட்டகம் இல்லாம மூணு ராசாவும் நட்சத்திரத்தப் பாத்துக்கினு நடந்தா வருவாங்க?" என்று கேட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

லூர்துமேரி அன்று சாப்பிடவில்லை. ஆயுசு முழுக்க அடுத்தவர்கள் மேல் வீசிய சொல் தன் மேல் வந்து விழுந்தால் இப்படித்தான் எரியும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. வாசலோடு நிறுத்துகிறவர்களாவது அந்நியர்கள். இவள் சொந்த ரத்தம். அடுத்த கிறிஸ்மஸுக்கு ராஜாமணி இதே வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தன் கையால் சாப்பிட வேண்டும், இல்லையென்றால் அவளுக்கு இந்த ஜென்மத்தில் உலை வைப்பதில்லை என்று முடிவு கட்டினாள்.

அடுத்த வருஷம், எண்பத்து நாலு, டிசம்பரும் வந்தது. முகையூரில் கட்டிக்கொடுத்த மகளுக்குச் சீர் அனுப்பியதில் கையிலிருந்தது கரைந்துவிட்டது. கறிக்கும் கலர்த்தாளுக்கும் மட்டும்தான் மிச்சம். குடிலை எப்படியோ ஒப்பேற்றிவிடலாம். மில்லில் கழித்துப்போட்ட சாக்கைக் கரித்தண்ணீரில் முக்கி மடித்தால் மலை. கொட்டாங்குச்சியில் கேப்பை தெளித்து வைத்தால் பத்து நாளில் பச்சைப் புல். சிகரெட் பெட்டியின் சரிகைத்தாளில் தேவதூதனுக்கு இறக்கை. சொரூபங்களை வைத்திருந்த பெட்டியைத் திறந்தபோது கரப்பான் புழுக்கை கொட்டியது. சூசையப்பரின் மூக்கை எலி தின்றிருந்தது. "சீ! யோவ், உன் பேருக்காரருக்கு மூக்கில்லய்யா," என்றாள் புருஷனிடம். மூக்கையும் மெழுகில் ஒட்டிவிடலாம். சுவரை என்ன செய்வது? வீடு முழுக்க வெள்ளையடிக்கச் சுண்ணாம்பும் ஆள்கூலியும் வேண்டும்.

அந்த நேரத்தில்தான் கோதண்டபாணி வாசலில் வந்து நின்றான்.

அந்த வருஷம் தேர்தல் கிறிஸ்மஸுக்கு முதல் நாள் வந்திருந்தது. வேர்க்கடலை மண்டிக்காரர் ஒருவர் சுயேச்சையாக நின்றார். கோதண்டபாணி அவருக்குச் சுவர் பிடிக்கிறவன். நேற்றுவரை களத்தில் "ஏ, இந்தாம்மே" என்று கூப்பிட்டவன் அன்று பல்லெல்லாம் தெரிய, "லூர்தக்கா, சௌக்கியமா?" என்றான். லூர்துமேரி தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

"உங்க ரோட்டுப் பக்கத்துச் சொவுரு எங்களுக்கு வேணும்க்கா. பஸ்ல போறவன் வர்றவன் எல்லாம் பாப்பான். நாங்களே வெள்ளயடிச்சி எழுதிக்கிறோம்."

"எழுதிட்டுப் போயிடுவீங்க. அப்புறம் யாரு அழிக்கிறது?"

"ஓட்டு முடிஞ்ச அன்னிக்கி சாயந்திரமே ஆள வுட்டு அழிச்சித் தர்றேன்."

"அது பத்தாது. வெளிய அடிக்கிற சுண்ணாம்ப உள்ளயும் அடிக்கணும். நாலு சொவுரும். ரெண்டு தபா. நீலம் போட்டு."

"அட, உள்ள எவங்க்கா வந்து பாக்கப் போறான்?"

"எங்க நாத்தனா வந்து பாப்பா."

சிரித்துக்கொண்டே சரி என்றான். அதோடு போயிருக்கலாம். தான் சாதி பார்க்கிற ஆளில்லை என்று காட்டிக்கொள்ள வேண்டுமே, "கொஞ்சம் தண்ணி குடுங்கக்கா," என்று கேட்டான். லூர்துமேரி டம்ளரை மூன்று முறை கழுவித் தண்ணீர் கொடுத்தாள். அவன் அதைக் கையில் பிடித்தபடி மண்டிக்காரரின் பெருமையைப் பேசினான், உதட்டில் ஒற்றினான், இன்னும் பேசினான். அவள் துடைப்பத்தை ஓரமாக வைக்கத் திரும்பினாள். மறுபடி பார்த்தபோது டம்ளர் காலி. பக்கத்து முருங்கை மரத்தடியில் மண் ஈரமாக இருந்தது.

தொண்டை வரைக்கும் வந்தது அந்தச் சீ. நாலு சுவரையும் நினைத்துக்கொண்டாள், விழுங்கிவிட்டாள். வாய் வரைக்கும் வந்தபின் அவள் விழுங்கிய முதல் சீ அதுதான். சுண்ணாம்புக்காக விழுங்கினோமே என்று அன்று முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஆனால் வெள்ளை நன்றாகத்தான் அடித்தார்கள். இரண்டு ஆட்கள், இரண்டு நாள், உள்ளே வெளியே எல்லாம். வீடு பளிச்சென்று ஆகிவிட்டது. சுண்ணாம்பு வாசத்தில் நடு வீட்டில் உட்கார்ந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள் லூர்துமேரி. மிஞ்சிய சுண்ணாம்பை உடைந்த பானையில் ஊற்றிக் கொல்லையில் மூடி வைத்தாள்.

மூன்றாம் நாள் வேலை முடிந்து வந்தபோது ரோட்டுப் பக்கச் சுவரில் ஒரு மிருகம் நின்றது.

ஒட்டகம்! சின்னம் என்னவென்று அவள் கேட்கவேயில்லை. உலகத்தில் எத்தனையோ சின்னம் இருக்க, மண்டிக்காரருக்குக் கிடைத்தது ஒட்டகம். வரைந்தவன் ஒட்டகத்தைக் கண்ணால் பார்த்தவனில்லை போலிருக்கிறது. முதுகில் கட்டி வந்த எருமை மாதிரி உடம்பு. காலைப் பெரிதாகப் போட்டுவிட்டு, கழுத்துக்கு இடம் பற்றாமல் அதை நேராக மேலே இழுத்துக்கொண்டே போய், கூரைக்குக் கீழே வானத்தைப் பார்க்கிற மாதிரி தலையை ஒட்டிவிட்டிருந்தான். தொங்கின உதடு வேறு. காலடியில் முழ உயர நீல எழுத்தில் மண்டிக்காரர் பேரும், 'உங்கள் ஓட்டு ஒட்டகத்துக்கே' என்ற வாசகமும். ராஜாமணியே வந்து நின்று பல்லைக் காட்டுகிற மாதிரி இருந்தது அவளுக்கு. சீ, தூ, கருமம் என்று வாயில் இருந்ததையெல்லாம் கொட்டினாள். போகட்டும், ஓட்டு முடிந்தால் அழித்துவிடுவார்கள் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஓட்டும் முடிந்தது. ஓட்டுப்பெட்டி ஜீப்பில் ஏறிப் போயிற்று. யாரும் வரவில்லை. பொழுது சாயத் தொடங்கியதும் அவளே மண்டிக்காரரின் கீற்றுக் கொட்டகைக்குப் போனாள். தின்றுபோட்ட பிரியாணி இலைகளில் நாயும் ஈயும். ஒருத்தன் குடித்துக் கக்கிவிட்டு அதிலேயே கவிழ்ந்து கிடந்தான். பெஞ்சில் கோதண்டபாணி கால் மேல் கால் போட்டிருந்தான்.

"நாளைக்கிக் கிறிஸ்மஸுங்க. சாயந்திரமே அழிச்சித் தர்றேன்னீங்களே..."

"எண்ணி முடியட்டும், பாக்கலாம் போ."

"அதுக்கு நாலு நாளு ஆவுமே."

"ஏய், சொவுத்துல கெடந்தா உன்னக் கடிக்கவா போவுது? போம்மே, பேஜாரு பண்ணாத."

'லூர்தக்கா' போய்விட்டாள், 'இந்தாம்மே' திரும்பி வந்துவிட்டாள். லூர்துமேரி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"நான் குடுத்த தண்ணிய முருங்க மரத்துக்கு ஊத்துனியே, அன்னிக்கே தெரிஞ்சிருக்கணும் எனக்கு. சீ!"

இருபது நாளாக உள்ளே கிடந்தது அது. அவன் எழுந்திருப்பதற்குள் அவள் ரோட்டுக்கு வந்துவிட்டாள்.

கொல்லைப் பானையில் அடிமண்டிச் சுண்ணாம்புதான் இருந்தது. அதைக் கரைத்து, வெள்ளையடிக்கிற மட்டையை எடுத்துக்கொண்டு, இருட்டிக்கொண்டு வரும்போது தானே சுவருக்கு முன் நின்றாள். முதலில் மண்டிக்காரர் பேர். அந்தப் பேரைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை. ஈரத்தில் நீலம் தெரிந்ததால் இன்னொரு முறை அடித்தாள். பிறகு வாசகம், அதுவும் இரண்டு முறை. ஒட்டகத்தின் குளம்பு வரைக்கும் வந்தபோது பானை காலி. தேர்தலுக்காகக் கடை எல்லாம் சாத்திக் கிடந்தது.

"மேல சாக்கத் தொங்க வுட்டு மூடிடலாமா?" என்றான் சூசை, மூங்கில் பிளாச்சில் சிவப்புத் தாள் ஒட்டிய ஸ்டாரைக் கையில் வைத்துக்கொண்டு.

"மாட்டுக் கொட்டாயிலதான்யா சாக்குத் தொங்கும். ஒழியட்டும், வுடு."

கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சூசை வருஷா வருஷம் கட்டுகிற இடத்தில், ரோட்டுப் பக்கக் கூரை முனையில், ஸ்டாரைக் கட்டினான்.

மறுநாள் காலைப் பூசை முடிந்து திரும்பி வரும்போது வீட்டெதிரே கும்பல். சண்டையோ என்று பதறி ஓடினாள். எதிர்ச்சாரியில் இட்லிக் கடை போட்டிருந்த அம்சா அவள் கையைப் பிடித்து இழுத்து ரோட்டு நடுவில் நிறுத்தினாள்.

"ஏண்டி லூர்து, ஒட்டகம் நட்சத்திரத்தப் பாத்துக்கினே போவுதுடி! யாருடி வரஞ்சது?"

அவள் அப்போதுதான் தள்ளி நின்று பார்த்தாள். காய்ந்த சுண்ணாம்பில் எழுத்து எதுவும் தெரியவில்லை. சுத்தமான வெள்ளைச் சுவர், அதில் ஆளுயரத்துக்கு மேல் ஓர் ஒட்டகம், கழுத்தை நீட்டி மேலே பார்க்கிறது. அது பார்க்கிற இடத்தில் சிவப்பு ஸ்டார். கோயிலிலிருந்து வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்கள். ஒரு பஸ்காரன்கூட மெதுவாக ஓட்டிப் போனான். லூர்துமேரி வாயைத் திறந்தாள். சீ வரவில்லை.

மதியம் ராஜாமணி வந்து இறங்கினாள். இறங்கின இடத்திலேயே நின்றாள்.

"யம்மாடி! எங்கூட்டு ஒட்டகம் கையளவுதான் அண்ணி. குவார்ட்டர்ஸ்ல ஒருத்திக்கும் இந்த ஐடியா வரலியே!"

உள்ளே வந்தாள். சுவரை ஒரு விரலால் தொட்டு, அந்த விரலைப் பார்த்துக்கொண்டாள். குடிலைப் பார்த்தாள், கேப்பைப் புல்லைப் பார்த்தாள். சொல்லாமலே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். லூர்துமேரி இலை போட்டுப் பரிமாறினாள். ஒரு வருஷம் முழுக்க நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்த காட்சி கண்ணெதிரே நடந்தது. ராஜாமணி பிசைந்து பிசைந்து சாப்பிட்டாள். எலும்பை உறிஞ்சினாள். இரண்டாம் தடவை சோறு கேட்டாள்.

லூர்துமேரிக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அருவருப்புதான் வந்தது. அதே அரிசி, அதே மசாலா, அதே சட்டி. சுண்ணாம்பு அடித்தால் இறங்குகிற சோறு, அடிக்காவிட்டால் இறங்காதாம். முருங்கையடியில் ஊற்றியவனுக்கும் இவளுக்கும் என்ன வித்தியாசம் என்று நினைத்தாள். இதற்காகவா அவனிடம் வாயை மூடிக்கொண்டு நின்றோம் என்று நினைத்ததும் தன் மேலும் அருவருப்பு வந்தது.

"கொழம்பு என்னா ருசி அண்ணி! எல்லாம் உங்க கை மணம்," என்றாள் ராஜாமணி, விரலை நக்கிக்கொண்டு.

"போன வருசமும் இதே கைதான் ராஜாமணி. சொவுருதான் வேற."

ராஜாமணியின் கை இலையிலேயே நின்றது. சூசை தலையைக் குனிந்துகொண்டு சோற்றைக் கிளறினான். பிறகு ராஜாமணிக்கு விக்கியது.

லூர்துமேரி எழுந்து போய் டம்ளரை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவினாள். பானையில் மொண்டு வந்து நாத்தனாரின் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, அவள் கடைசிச் சொட்டுவரை குடித்து முடிக்கிறவரைக்கும், திரும்பாமல் அங்கேயே நின்றாள்.