வலை கட்டி வந்த டீசா

போன ஞாயிறு, இலங்கை மலையகத்து நமுனுகுலயில் தம்பி முரளியின் மகளுக்குப் பெயர் வைத்தோம். குழந்தையின் காதில் பெயர் சொல்வது அத்தையின் உரிமை. அத்தை நான்தான்... விடுவேனா?

நட்சத்திரம் பூரம். ஐயர் ‘டி’ என்று எழுத்துக் கொடுத்துவிட்டார். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் டிலக்ஷி, டில்ஷானி என்று பிள்ளைகள் நிறைந்திருப்பது இப்படித்தான். நான் போனில் தேடி ‘டீசா’ என்றேன். ஆப்பிரிக்காவில் அருவியோரம் பூக்கிற காட்டு ஆர்கிட். அப்படியொரு சிவப்பு! தம்பி மனைவி சுகன்யாவுக்குப் படத்தைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

முரளி பசறை பஸ்ஸில் கண்டக்டர். யார் எதை நீட்டினாலும் திருப்பிப் பார்க்கிற ஆள். அவனும் போனில் தேடியிருக்கிறான். விருந்தாளிகள் வந்து உட்கார்ந்த பிறகு ஆரம்பித்தான்.

“அக்கா, இது துணியில்லாம வந்த ஒரு ராணி பேராம். நாளைக்கு ஸ்கூல்ல கேலி பண்ணா எம்புள்ள தாங்குமா? வேற பேரு சொல்லு.”

சுகன்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கோ கோபம். அரைக் கதையை வைத்துக்கொண்டு என்ன ஆட்டம் ஆடுகிறான்!

“முழுசாக் கேளுடா” என்றேன்.

சுவீடன் நாட்டுப் பழங்கதை. பஞ்சம் வந்தது. வயதானவர்களையும் நோயாளிகளையும் கொன்றுவிடலாம் என்றான் ராஜா. இதைவிட நல்ல யோசனை தன்னிடம் இருப்பதாகச் சொன்னாள் டீசா என்ற பெண்; அவள் ராணியானது பிறகுதான். ராஜாவுக்கு எகத்தாளம். அப்படியா... உடுத்தியும் வரக்கூடாது, உடுத்தாமலும் வரக்கூடாது, வா பார்க்கலாம் என்றான். அவள் மீன் வலையைச் சுற்றிக்கொண்டு போய் நின்றாள்! இந்தப் பூவின் இதழிலும் வலை பின்னிய மாதிரி கோடுகள். அதைப் பார்த்துத்தான் சுவீடன்காரத் தாவர அறிஞர் ஒருவர் அவள் பெயரை வைத்தார் என்பார்கள்.

“சரி, அந்த யோசனை என்னவாம்?” என்றான் முரளி.

“யாரையும் கொல்லாத. சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேரக் காட்டுப் பக்கம் அனுப்பு, வெட்டித் திருத்திப் பொழச்சிக்குவாங்கன்னா.”

முரளி ஜன்னல் வழியே தேயிலை மலையைப் பார்த்தான்.

“பஞ்சத்துல இந்தியாவுலருந்து கப்பலேறி வந்து காடு வெட்டுனவங்கதானே நாமளும்... நமக்கு யாரு சீட்டுக் குலுக்குனா?” குரல் இறங்கிவிட்டது. பிறகு குழந்தையை என் மடியில் வைத்தான். “அந்தப் பேரையே சொல்லுக்கா. கேலி பண்ணுறவனுக்கு மிச்சக் கதைய நான் சொல்லிக்கிறேன்.”

மூன்று முறை சொன்னேன். டீசா கொட்டாவி விட்டாள்.

ஒரு பெயரைக் கேட்டதும் சிரிப்பதற்கு அரைக் கதை போதும். எங்களை இளக்காரமாகத் ‘தோட்டக்காட்டான்’ என்றவர்கள் மட்டும் முழுக் கதையையும் கேட்டார்களா என்ன?