மணல்வெளியில் தட்டும் ஓசை

கலியாணசுந்தரம் மலாக்கா நகராட்சியில் வரைபடம் வரைபவர். காஜா பேராங்கில் அவர் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் அந்த மணல்வெளி தெரியும். ஈயம் அரித்து முடித்தவர்கள் கொட்டிவிட்டுப்போன வெள்ளை மணல். நண்பகலில் கண் கூசும். பொழுது சாய்ந்தால் ஆள் நடமாட்டம் இருக்காது. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில்பாதைக்கு ஆட்களை லாரியில் ஏற்றிய இடம் அது. அவருடைய அண்ணன் தியாகு, தச்சர், அங்கேதான் ஏறினார். திரும்பி வரவில்லை.

அந்தியில் அந்த மணலிலிருந்து ‘டொக், டொக், டொக்’ என்று சுத்தியல் சத்தம் கேட்கும். தியாகுவின் மனைவி பூங்காவனம் அடுப்பை விட்டு எழுந்து வாசலில் வந்து நிற்பார். வீட்டில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

மலாயா சுதந்திரத்துக்கு முந்தைய வருடம், அந்த இடத்தைப் பூங்காவாக்கும் வேலை கலியாணசுந்தரத்தின் மேசைக்கு வந்தது. செம்மண் கொட்டிப் புல் பதிப்பதாக முதல் படத்தை வரைந்தார். இடத்தை அளக்கப் போனார். அளந்து முடிப்பதற்குள் வெயில் இறங்கிவிட்டது. மிக அருகில், தரையோடு தரையாக, அந்தச் சத்தம். பயந்து ஓடத் திரும்பினார். காலடி மணலே எழுந்து பறந்ததுபோல ஒரு பறவை கிளம்பியது. அது கிடந்த இடத்தில் இரண்டு முட்டைகள்.

பயம் போனது. அந்த இடத்தில் துக்கம் வந்து உட்கார்ந்தது. அப்படியானால் இத்தனை காலமும் அங்கே அண்ணன் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சொன்னார். “அண்ணி, அது பக்கிக்குருவி. மலாய்க்காரங்க ‘புரோங் துக்காங்’னு சொல்வாங்களே, தச்சன் பறவை. கண்ணால பார்த்தேன்.”

“தெரியும் தம்பி. லாரி போன மறுவாரமே நான் போய்ப் பார்த்துட்டேன்.”

“அப்புறம் ஏன் தினமும் வந்து நிக்கிறீங்க?”

“அவர் பேரை இந்த வீட்ல யாரு எடுக்கறீங்க? அது ஒண்ணுதான் தட்டுது.”

அன்று சாப்பாட்டின்போது கலியாணசுந்தரம் அண்ணன் செய்த நாற்காலியைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார்; பூங்காவனம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மறுநாள் படத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக வரைந்தார். மணல் மணலாகவே கிடக்கும். அதன்மேல் அடப்பங்கொடி, ஓரத்தில் கெமுந்திங் என்னும் ஊதாப்பூப் புதர், வெளிவட்டத்தில் புன்னை. பஞ்சுருட்டான் குருவி வளை தோண்டும் மேட்டைச் சுற்றிக்கொண்டு பாதை போகும்.

“பாலைவனத்தைப் போய் யார் பார்ப்பாங்க?” என்றார் பொறியாளர்.

“அங்க ஏற்கெனவே குடியிருக்கிறதுங்களுக்கு இடம் விட்டிருக்கேன், சார்.”

நெடுநேரப் பேச்சுக்குப் பிறகு, சாலைப் பக்கம் பாதி புல்தரை என்று முடிவானது.

திறப்பு நாளில் பிள்ளைகள் புல்லில் ஓடினார்கள். பொழுது சாய்ந்ததும் மணல் பக்கம் ஒவ்வொருவராகப் பெண்கள் வந்தார்கள். தள்ளியிருக்கும் செங் என்ற ஊரிலிருந்துகூட ஒருத்தி வந்திருந்தாள். அவர்களில் சிலரைப் பூங்காவனத்துக்கு அடையாளம் தெரிந்தது. லாரியின் பின்னால் சேர்ந்து ஓடியவர்கள். எதற்கு வந்தாய் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. பூங்காவனம் அவர்கள் நடுவே போய் நின்றுகொண்டார்.