கவலைக்கிடம்

மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று வல்லத்திராக்கோட்டையில் யார் கேட்டாலும் சின்னப்பிள்ளை ஒரே பதில்தான் வைத்திருந்தாள். ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் எந்தப் பட்டன் எங்கிட்டு இருக்க வேண்டும் என்று தன் மகள்தான் சொல்வாளாம். அவள் சொல்லாமல் டாக்டர் ஒரு மாத்திரைகூட எழுத முடியாதாம். பாதி நிஜம், மீதி பெற்றவளின் பெருமை. மகள் சுடர்விழிக்கே இதைவிட நல்ல விளக்கம் சொல்ல வந்ததில்லை. 'யூஎக்ஸ் டிசைன் லீட்' என்று விசிட்டிங் கார்டில் இருந்ததைப் படித்துவிட்டு, காதுகுத்துக்கு ஒரு பத்திரிகை டிசைன் போட்டுத் தருவியா என்று கேட்ட பங்காளியும் உண்டு. போட்டுக் கொடுத்தாள், என்ன செய்வது.

பெரிய ஆஸ்பத்திரிகள் வாங்கும் மென்பொருளுக்குத் திரைகளை வடிவமைக்கிற குழு ஒன்றுக்கு அவள் தலைவி. நோயாளி உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியே போகிற வரை மருந்து, ரத்தப் பரிசோதனை, படுக்கை, இன்சூரன்ஸ் என்று அதில் ஓடுகிற சங்கதி கொஞ்சநஞ்சமல்ல. அத்தனையையும் கையுறை மாட்டிய ஒரு நர்ஸ் நின்றவாக்கில், பின்னால் நாலு பேர் கூப்பிட்டுக்கொண்டிருக்க, தப்பில்லாமல் தட்ட வேண்டும். ஏசி அறையில் உட்கார்ந்து கலர் பார்க்கிற உத்தியோகம் என்று நினைப்பவர்கள், அவள் வார்டு மூலையில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு நாள் முழுக்க வேடிக்கை பார்த்ததை அறியாதவர்கள். பெங்களூரில் இருந்தவள் கொரோனாக் காலத்தில் ஊர்ப்பக்கம் வந்தாள், திரும்பிப் போகவில்லை. புதுக்கோட்டையில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்து அங்கிருந்தே குழுவை நடத்தினாள். ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்பவர்களுக்கு அவளிடம் பதில் இருந்தது, ஆனால் அச்சில் போட முடியாது.

அவள் செய்த திரைகளில் அவளுக்கே பிடித்தது ஒன்றுண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே காத்துக்கிடக்கிற சொந்தக்காரர்கள் தங்கள் போனில் பார்க்கிற திரை அது. மேலே நோயாளியின் பெயர். அதன் கீழே நிலைமை ஒரே வார்த்தையில்: தேறுகிறார், சீராக உள்ளார், கவலைக்கிடம். அதற்கும் கீழே நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் சின்ன எழுத்தில் மாறிக்கொண்டே இருக்கும்.

முதலில் அந்தத் திரை நடந்ததை நடந்தவுடன் சொன்னது. எங்கோ ஓர் ஊரில், ஆஸ்பத்திரி கேன்டீனில் பன் வாங்க நின்ற ஒரு பெண்ணின் போனுக்கு 'நோயாளி இறந்துவிட்டார்' என்று வந்தது. பக்கத்தில் ஆள் இல்லை. அவள் விழுந்த விழுகையில் மண்டை உடைந்தது. அதன் பிறகுதான் இந்த வேலை சுடர்விழி கைக்கு வந்தது. வந்ததும் அவளுக்கு அப்பாவின் சாவு ஞாபகம் வந்தது. பெங்களூரில் இருந்தவளைத் தம்பி பிரசாந்த் போனில் கூப்பிட்டு, அப்பாவுக்கு சீரியஸ், கெளம்பி வா என்றான். நம் பக்கத்தில் சீரியஸ் என்றால் என்ன அர்த்தம் என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். இருந்தாலும் தன் வீடு என்று வரும்போது யாரும் அந்த அர்த்தத்தை எடுத்துக்கொள்வதில்லை. தம்பி கூப்பிடும் முன்பே அப்பா போய்விட்டிருந்தார், ஆனால் அவள் பஸ்ஸில் வந்த பகல் முழுக்க அவளுக்கு அவர் உயிரோடு இருந்தார். அந்தப் பகலுக்காகத் தம்பிக்கு அவள் காலமெல்லாம் நன்றி வைத்திருந்தாள்.

ஆகவே திரையை மாற்றினாள். உயிர் போனாலும் 'கவலைக்கிடம்' என்ற வார்த்தை அப்படியே நிற்கும். டாக்டர் குடும்பத்தைத் தனியே அழைத்துப் பேசி முடித்த பிறகு, வார்டு சிஸ்டர் 'சொல்லியாச்சு' என்ற பட்டனைத் தட்டினால்தான் மாறும். செத்தவனுக்கு நாடி எழுதிக் காட்ட மட்டும் அவள் மனசு ஒப்பவில்லை. அதனால் நாடி எண்கள் இருக்கிற வரியைச் சத்தமில்லாமல் மறையவைத்தாள், மறைந்தது யார் கண்ணிலும் உறுத்தாத மாதிரி. அவள் குழுவில் சென்னையிலிருந்து வேலை பார்த்த ஜஸ்டின் மட்டும் முரண்டு பிடித்தான். டாக்டர் வரவே இல்லை என்றால் எவ்வளவு நேரம் அப்படியே நிற்கும், ஒரு கெடு வைக்க வேண்டாமா என்றான். கடிகாரத்தைக் காட்டி விரட்டினால் டாக்டர் வாசலில் நின்றபடி ரெண்டு வார்த்தை சொல்லிவிட்டு ஓடிவிடுவார் என்று அவள் மறுத்துவிட்டாள். கம்பெனியில் அந்தத் திரைக்குக் கைதட்டல் கிடைத்தது. புதுக்கோட்டையிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரி அதை வாங்கிப் போட்டது.

அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் பிரசாந்தைத் தூக்கி வந்தார்கள். வரப்பில் ஏறிய டிராக்டர் கவிழ்ந்து இடுப்புக்கு மேலே நசுக்கிவிட்டது. ராத்திரியே ஆபரேஷன் முடிந்து ஐசியூவில் போட்டார்கள். அவன் மனைவி புவனேஸ்வரி காத்திருப்புக் கூடத்தில் போனை மடியில் வைத்துக்கொண்டு, எண் மாறும்போதெல்லாம் மாமியாருக்கு வாசித்துக் காட்டினாள். சின்னப்பிள்ளைக்கு எழுத்து ஓடாது. எண்ணைக் கேட்டுக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். முதல் நாள் சாயங்காலத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. கண் முழிக்கட்டும், அப்பறம் சாப்புடுறேன் என்று பிடிவாதம்.

மத்தியானம் சுடர்விழி ஐசியூவில் கேட்ட சாமான்களைக் கீழே மெடிக்கலில் வாங்கி வந்து கொடுத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். தன் போனைப் பார்த்தாள். தம்பி பெயர் இருந்தது. கவலைக்கிடம் இருந்தது. கீழே ஒன்றும் இல்லை.

டவர் இல்லையோ என்று ஜன்னலோரம் போய்ப் பார்த்தாள். போனை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். அந்தக் கூடத்தில் அத்தனை சனத்தில் அதற்கு அர்த்தம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஐயோ, அந்த நிமிஷம் படிக்கத் தெரியாதவளாய்ப் பிறந்திருக்கலாம் என்று இருந்தது அவளுக்கு.

வார்டு சிஸ்டர் ஷர்லியிடம் ஓடினாள். ஷர்லி முகத்தைத் திருப்பாமல், "டாக்டர் வந்து உங்ககிட்ட பேசுவாங்க மேடம்" என்றாள். வேறு எதுவும் சொல்லக் கூடாது என்று சிஸ்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தவளே சுடர்விழிதான். அந்த வாக்கியமும் அவள் எழுதியது. டாக்டர் எங்கே என்றால், இன்னொரு ஆபரேஷனுக்குள் போய்விட்டார், எப்போது வருவார் என்று தெரியாது.

திரும்பி வந்தால் கூடத்தில் சிரித்த முகங்கள். "நம்பரக் காணோம் அண்ணி" என்றாள் புவனேஸ்வரி. "மெசினக் கழட்டிட்டாங்க போல, அந்த வார்த்தையத்தான் இன்னும் மாத்தாம வச்சிருக்காங்க. தேவலைன்னாத்தான கழட்டுவாங்க? வார்டுக்கு மாத்திருவாங்கன்னு பக்கத்துல இருக்கவங்களும் சொல்றாங்க." சுடர்விழி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு அவன் கைலியும் துண்டும் எடுத்துவர புவனேஸ்வரி ஊருக்கு பஸ் ஏறினாள். சின்னப்பிள்ளை மீமிசல் சம்பந்தி வீட்டுக்குப் போன் போடச் சொல்லி, தேவலையா இருக்கான், அலைய வேண்டாம் என்றாள். ஒரு மணி நேரம் போனது. இன்னொன்றும் போனது. பெற்றவளுக்கு இன்னும் ஒரு பகல் கிடைக்கட்டும் என்று சுடர்விழி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா சாவுக்குத் தனக்குக் கிடைத்தது அம்மாவுக்கும் கிடைக்கட்டுமே என்றுதான் நினைத்தாள்.

அப்போதுதான் சின்னப்பிள்ளை, காலையில் வாங்கி ஆறிப்போன இட்லிப் பொட்டலத்தை எடுத்து மடியில் பிரித்தாள். "பசிக்குது ஆத்தா" என்றாள், வெட்கப்பட்ட மாதிரி.

பிணம் கிடக்கிற தெருவில்கூட அடுப்பு மூட்டாத சனம். பிள்ளையைக் கிடத்திவிட்டு நாம் சாப்பிட்டோம் என்று பிறகு தெரிந்தால் இவள் எப்படித் தாங்குவாள்? சுடர்விழிக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. அம்மாவின் கையை எட்டிப் பிடித்தாள்.

"சாப்புடாதம்மா."

"ஏன்டி?"

"பிரசாந்த் போயிட்டாம்மா."

சின்னப்பிள்ளை கத்தவில்லை. மகள் கையிலிருந்த போனை வாங்கி அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள். "இதுல என்ன போட்டுருக்கு? படி."

"கவலைக்கிடம்னு."

"செத்தவனுக்கு அப்புடிப் போடுவாகளா?"

"போடுவாங்கம்மா. நான்தான் அப்புடி வச்சேன்."

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இத்தன ஊரு ஆஸ்பத்திரிக்கும் நீ பொய்ய எழுதி வச்சிருக்கியாக்கும். எம்மக அப்புடிச் செய்ய மாட்டா." பிடித்த கையை உதறிவிட்டு இட்லியைப் பிய்த்து வாயில் போட்டாள். மகளைப் பார்த்துக்கொண்டே மென்றாள். ஒன்றுவிடாமல் தின்று முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

பொழுது சாயத்தான் டாக்டர் வந்தார். தனியே அழைத்தார், உட்காரவைத்தார், தண்ணீர் கொடுத்தார், மெதுவாகச் சொன்னார். எல்லாம் சுடர்விழி வகுத்துக் கொடுத்த முறைப்படியே நடந்தது. கைலியும் துண்டும் வைத்த கட்டைப்பையோடு புவனேஸ்வரி படியேறி வந்தபோது மாமியார் தரையில் கிடந்தாள்.

காரியம் முடிவதற்குள் ஜஸ்டினுக்குச் சொல்லி அந்தத் திரைக்குக் கெடு வைத்தாகிவிட்டது. அது யாருக்கு வேண்டும் இனிமேல்? துக்கம் கேட்க வருகிற ஒவ்வொருத்தரிடமும் சின்னப்பிள்ளை ஒரே கதையைச் சொன்னாள். மகன் தேறித்தான் இருந்தான், உயிரோடு இருக்கிறான் என்று போனில்கூடப் போட்டிருந்தது, அக்காக்காரி நாக்கில் சனி வந்து உட்கார்ந்தது என்றாள். வந்தவர்கள் சுடர்விழியைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். மகளோடு பேச்சை நிறுத்தியிருந்தவள், பதினாறாம் நாள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவளைத் தானாகக் கூப்பிட்டாள்.

"இருக்கான்னுதான போட்டுருந்துச்சு. நீ வாயத் தெறந்தப்பறந்தான போனான்?"

நாடி வரி மத்தியானமே மறைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் சொல்லித் தன் பழியைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். சொன்னால் அம்மாவுக்கு அந்த இட்லி ஞாபகம் வரும். இப்போதைக்கு அவள் கணக்கில், அவள் தின்றபோது மகன் உயிரோடு இருந்தான்.

"ஆமாம்மா" என்றாள் சுடர்விழி. "நான் சொன்னப்பறந்தான் போனான்."